கால் நனைக்கும் முன்

காட்டுப் பாதை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். கம்பத்தில் ஒரு கூடு; கூட்டுக்குள் ஒரு பாட்டில் வினிகர். ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய சாமான், பூட்டும் சாவியும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கடற்கரையில் வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே மஞ்சள் நிற எச்சரிக்கைப் பலகைகள். ஒன்றில் வாயைப் பிளந்த முதலை. இன்னொன்றில் நீந்தும் மனிதனைச் சுற்றிக்கொள்ளும் ஜெல்லி மீன். பலகைகளைத் தாண்டிப் பார்த்தால் வாழ்த்து அட்டையில் வரும் காட்சிதான்: வளைந்து கிடக்கும் வெளிர்மணல், முட்டளவுக்கு மேல் எழாத அலை, கரை வரை இறங்கி வந்து நிற்கும் பச்சை மலை.

இடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கெய்ன்ஸ் நகரத்துக்கு வடக்கே உள்ள கேப் டிரிபுலேஷன். டெயின்ட்ரீ ஆற்றில் பாலம் கிடையாது. இரும்பு வடத்தைப் பிடித்து நகரும் மிதவைப் படகில் வண்டியை ஏற்றித்தான் அக்கரை போகவேண்டும். அதற்கப்பால் பல இடங்களில் செல்பேசி சிக்னல் கிடைக்காது. இரண்டு உலகப் பாரம்பரியக் களங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் கரை இது. கடலில் கிரேட் பாரியர் ரீஃப் பவளத்திட்டு 1981-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கரையில் உள்ள மழைக்காடு 1988-இல் சேர்ந்தது.

காடு ஏன் கடல்வரை வந்தது என்பதற்கு மலைதான் காரணம். 1,374 மீட்டர் உயரமுள்ள தார்ன்டன் சிகரமும் அதன் சுற்றுக் குன்றுகளும் கடலை ஒட்டியே எழுகின்றன. தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அவற்றில் மோதி மேலேறிக் குளிர்ந்து, கரையிலேயே கொட்டித் தீர்க்கிறது. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை. இங்கே அதைப்போல இரண்டரை மடங்குக்குக் குறையாது.

நெய்தல் நிலப் பாடல்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கரையில் அந்நியமே இருக்காது. மணல்மேட்டில் படர்ந்திருப்பது அடும்பு. அதற்குப் பின்னால் தாழையின் இனத்தவை. கடலை நோக்கிச் சாய்ந்து நிழல் தரும் பெருமரம், நம் சங்கப் பாடல்களில் தலைவி காத்து நிற்கும் அதே புன்னை. நம் கரையோரமெங்கும் நட்டு வளர்த்த சவுக்கு இங்கே தானாகவே வளரும் சொந்த மரம். கடல் நீரில் மிதந்தே விதை பரப்பும் மரஞ்செடிகளுக்கு நாட்டெல்லை ஏது.

இந்தக் கரைக்கு ஆங்கிலப் பெயர் வைத்தவர் ஜேம்ஸ் குக். 1770 ஜூன் 10 அன்று இந்த முனையைக் கண்டார். அன்றிரவே அவருடைய எண்டெவர் கப்பல் பவளத்திட்டில் ஏறிச் சிக்கியது. ஆறு பீரங்கிகளையும் பாரக் கற்களையும் கடலில் தள்ளி எடையைக் குறைத்த பிறகே கப்பல் விடுபட்டது. பின்னர் ஆற்று முகத்தில் கரையேற்றிப் பார்த்தபோது, ஓட்டையில் ஒரு பவளத்துண்டு முறிந்து செருகி நின்றதைக் கண்டார்கள். துளைத்த பவளமே அடைப்பாகவும் இருந்து கப்பலைக் காப்பாற்றியிருக்கிறது. தன் தொல்லைகள் இங்கேதான் தொடங்கின என்று குக் துன்பத்தின் பெயரை முனைக்கு வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே இங்கே வாழும் குக்கு யலஞ்சி மக்களுக்கு இது குல்கி. 2021-இல் டெயின்ட்ரீ தேசியப் பூங்காவின் உரிமை அவர்களிடமே திரும்பியது.

குக்கைச் சிக்கவைத்த அதே பவளத்திட்டுதான் கரையை இன்று சாதுவாக வைத்திருக்கிறது. பசிபிக்கின் பேரலைகள் வெளியே திட்டில் மோதி உடைந்துவிடுகின்றன. உள்ளே வருவது மிச்சம் மீதி. மெரினாவிலோ கோவளத்திலோ கடலின் ஆபத்தை நாம் காதால் கேட்கிறோம். அலை இரைகிறது, கால் மணலோடு சரிகிறது, பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிக்கிறோம். கேப் டிரிபுலேஷனில் அந்த எச்சரிக்கை ஒலி இல்லை. வெதுவெதுப்பான நீர், அசையாத பரப்பு, பக்கத்தில் ஓர் ஆற்றுவாய், அதன்மேல் நிழல் என்று எவையெல்லாம் வந்தவரை நீருக்குள் அழைக்கின்றனவோ, ஏறக்குறைய அவையெல்லாமே அங்கே இருக்கும் விலங்குகளுக்கும் பிடித்தவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம், ஒரு நேரம், ஒரு இடம் உண்டு. இந்தக் கரையில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் அந்தக் கால அட்டவணையைப் படிக்கும் வேலை.

முதலில் பெட்டி ஜெல்லி மீன். நம் மீனவர்கள் சொறி என்று ஒதுக்கித் தள்ளும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இதன் உடல் குடைபோல் உருண்டிராமல் நான்கு மூலைகள் கொண்டது. கைரோனெக்ஸ் ஃப்ளெக்கரி என்பது அறிவியல் பெயர். உடல் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு வளரும். ஒவ்வொரு மூலையிலிருந்தும் பதினைந்து வரை இழைகள் தொங்கும்; நீட்டினால் மூன்று மீட்டர். நீரோடு நீராகக் கண்ணாடிபோல் இருப்பதால் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்ததைக்கூடப் பார்க்கமாட்டார்.

அது அவரைப் பார்த்துவிடும். மூளை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத இந்த உயிருக்குக் கண்கள் 24. பக்கத்துக்கு ஆறாக நான்கு பக்கமும் இருக்கின்றன. ஒவ்வொரு ஆறிலும் இரண்டில் நம் கண்ணைப்போலவே வில்லை உண்டு. இதன் கரீபியன் உறவினமான சிறிய பெட்டி ஜெல்லி ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2011-இல் வேடிக்கையான ஒன்றைக் கண்டார்கள். உடல் எப்படிப் புரண்டாலும் ஒரு வில்லைக்கண் எப்போதும் மேல்நோக்கியே இருக்கிறது. கண் தொங்கும் காம்பின் நுனியில் கனமான ஒரு படிகம் இருப்பதால் அப்படி. நீருக்கடியிலிருந்து மேலே கண்டல் மரங்களின் இலைக்கூரை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த நிழலை விட்டு விலகாமல் நீந்துகிறது. மற்ற ஜெல்லி மீன்கள் நீரோட்டம் இழுத்த பக்கம் போகிறவை. பெட்டி ஜெல்லி போகும் திசையைத் தானே தீர்மானிக்கிறது.

ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் ஜேமி சீமோர் குழுவினர் கைரோனெக்ஸின் உடலில் சிறு ஒலிபரப்பிகளைப் பசைவைத்து ஒட்டிப் பின்தொடர்ந்தார்கள். காலை 6 மணி முதல் பிற்பகல் 3 வரை மணிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் போகிறது. அதன்பின் சோர்ந்து, மணிக்குப் பத்து மீட்டர்கூட நகர்வது அரிது. பல சமயம் அடிமணலில் படுத்தே கிடக்கிறது. ஜெல்லி மீன் தூங்குகிறதா என்று மருத்துவ இதழில் ஒரு விவாதமே நடந்தது. தூங்குகிறதோ இல்லையோ, அது வேட்டையாடும் பொழுதும் சுற்றுலாப் பயணி கடலில் இறங்கும் பொழுதும் ஒன்றே.

பருவக் கணக்கும் இதன் வாழ்க்கைச் சுழற்சியில்தான் இருக்கிறது. பெரியவை ஆற்று முகங்களில் முட்டையிட்டு மடிந்துவிடும். குஞ்சுகள் மில்லிமீட்டர் அளவில், கழிமுகப் பாறைகளின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வறண்ட மாதங்களைக் கழிக்கும். 1980-களில் ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்விக் கழிமுகங்களில் கல் கல்லாகப் புரட்டி இவற்றைக் கண்டுபிடித்தார். வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களில் இவை உருமாறி, குட்டி ஜெல்லிகளாகக் கழியில் இறங்கி, மழைக்காலத்தில் கடலோரம் சேர்கின்றன. ஆகவே நவம்பர் முதல் மே வரை இங்கே கொட்டுப் பருவம். காற்று அடித்து அலை எழும் நாள்களில் இவை ஆழத்துக்கு ஒதுங்கிவிடும். காற்று ஓய்ந்து, நீர் தட்டையாகி, வெயில் இதமாக இருக்கும் நாளில் ஆற்றுவாய்க்குப் பக்கத்து ஆழமற்ற நீருக்கு வருகின்றன. சின்ன ஜெல்லி இறால் பிடித்துத் தின்னும். வளர்ந்தது மீனுக்கு மாறும். மீனைச் சட்டென்று கொல்லாவிட்டால் துள்ளி இழையைக் கிழித்துவிடும். அதனால் வளர வளர அதன் கொட்டுசெல்களின் வகையும் நஞ்சின் தன்மையும் மாறுகின்றன. முதுகெலும்புள்ள உயிரின் இதயத்தை நிறுத்தவல்ல நஞ்சு நமக்காக உருவானதல்ல. நமக்கும் மீனுக்கும் இதயத்தின் அடிப்படை ஒன்றாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

கொட்டுசெல்லைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பை. அதற்குள் உள்வெளியாகத் திருப்பிச் சுருட்டிய குழாய், அதன் அடியில் முட்கள், சுற்றிலும் 150 வளிமண்டல அளவை எட்டும் அழுத்தத்தில் திரவம். தோலின் வேதிப்பொருளும் தொடுகையும் சேர்ந்து பட்டால் மூடி திறக்கிறது. பெட்டி ஜெல்லிக்குத் தூரத்து உறவான ஹைட்ராவில் 2006-இல் அதிவேகக் கேமரா வைத்து அளந்தார்கள். ஊசி வெளிப்பட ஆன நேரம் 700 நானோ நொடி. முடுக்கம் புவியீர்ப்பைப்போல ஐம்பது லட்சம் மடங்கு. விலங்குலகில் இதைவிட விரைவான அசைவுகள் அபூர்வம். ஒரு மீட்டர் இழை தோலில் பட்டால் இப்படிப்பட்ட ஊசிகள் லட்சக்கணக்கில் பாய்கின்றன. வளர்ந்த கைரோனெக்ஸின் சில மீட்டர் இழை சுற்றிக்கொண்டால் ஐந்து நிமிடத்துக்குள் இதயம் நிற்கலாம். 1880-களிலிருந்து ஆஸ்திரேலியாவில் பதிவான மரணங்கள் எழுபது வாக்கில். அவர்களில் குழந்தைகள் அதிகம். சிறிய உடலுக்கு அதே அளவு நஞ்சு மிகுதி.

1955 ஜனவரியில் கார்டுவெல் என்ற ஊரின் கரையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இப்படி இறந்தான். கெய்ன்ஸ் மருத்துவர் ஹ்யூகோ ஃப்ளெக்கர் அந்த இடத்தில் வலைபோட்டுத் தேடச் சொன்னார். சிக்கியவற்றில் ஒன்று யாரும் விவரித்திராத பெட்டி ஜெல்லி. அடிலெய்டில் இருந்த ரொனால்ட் சவுத்காட் அதைப் புதிய பேரினம் என்று கண்டு ஃப்ளெக்கரின் பெயரையே வைத்தார். 1970-இல் செம்மறியாட்டு ரத்தத்திலிருந்து நஞ்சுமுறி மருந்தும் வந்தது.

இனி வினிகர். அது வரும்வரை கொட்டிய இடத்தில் ஸ்பிரிட் ஊற்றும் வழக்கம் இருந்தது. 1980-இல் ஹார்ட்விக்கும் இரு மருத்துவர்களும் இதை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தபோது, ஸ்பிரிட் பட்டதும் வெடிக்காதிருந்த செல்களும் வெடித்தன. வினிகரின் அமிலம் பட்டவை அசையாமல் அடங்கிவிட்டன. அதாவது மருந்தென்று நினைத்து ஊற்றிய ஸ்பிரிட் நஞ்சை இன்னும் ஏற்றியிருக்கிறது. நல்ல தண்ணீரும் சிறுநீரும் இதே தவற்றைத்தான் செய்யும். ஏற்கெனவே பாய்ந்துவிட்ட நஞ்சை வினிகர் ஒன்றும் செய்யாது. புதிதாகப் பாய்வதைத் தடுக்கும், அவ்வளவே. ஏற்கெனவே வெடித்த செல்களில் மிஞ்சிய நஞ்சை வினிகர் பிழிந்துவிடலாம் என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்து சர்ச்சை எழுந்தது. ஆனாலும் முதலுதவி நெறிமுறையில் வினிகர் இன்றும் நீடிக்கிறது. ஆளை நீரிலிருந்து தூக்கவேண்டும், 000 என்ற அவசர எண்ணை அழைக்கவேண்டும், மூச்சும் துடிப்பும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கவேண்டும், குறைந்தது முப்பது நொடி வினிகர் ஊற்றவேண்டும். இவற்றில் உயிரைப் பிடித்துவைப்பது நெஞ்சழுத்தம்தான். அதைக் கற்றுக்கொள்ளாமல் கொட்டுப் பருவத்தில் இந்தப் பக்கம் குடும்பத்தோடு வருவது அசட்டுத் துணிச்சல்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் கிரெக் நீலியின் குழு 2019-இல் கிரிஸ்பர் மரபணுத் திருத்த முறையால் நஞ்சின் வழியைத் தேடியது. செல்சவ்வில் உள்ள கொழுப்பான கொலஸ்டிராலைப் பற்றிக்கொண்டே நஞ்சு வேலை செய்கிறது என்று தெரியவந்தது. அந்தக் கொழுப்பை இழுத்துக்கொள்ளும் மலிவான மருந்தைக் கொட்டிய கால்மணி நேரத்துக்குள் கொடுத்தபோது எலிகளில் வலியும் தோல் அழிவும் தடைப்பட்டன.

தடுப்பு முறையோ சிரிப்பை வரவழைக்கும். குயின்ஸ்லாந்தின் உயிர்காப்பு வீரர்கள் பல ஆண்டுகள் பெண்கள் அணியும், இடுப்புவரை ஏறும் நைலான் காலுறைகளைப் போட்டுக்கொண்டுதான் கடலில் இறங்கினார்கள். காலுக்கு ஒன்று; இன்னொன்றைத் தலைகீழாக்கி, நடுவில் தலைக்கு ஓட்டை வெட்டி, கைகளுக்கு. கட்டுமஸ்தான ஆண்கள் கண்ணாடித்துணியில் நடந்துவருவதைப் பார்த்துக் கரை முழுக்கக் கேலி. ஆனால் வேலை செய்தது. தோலின் வேதிப்பொருள் இழையில் படாவிட்டால் ஊசி பாயாது. இன்று விற்கும் உடல் முழுக்க மூடும் லைக்ரா உடை அந்தக் காலுறையின் வாரிசு. போர்ட் டக்ளஸ் போன்ற பெரிய கடற்கரைகளில் வலையடைத்த நீச்சல் பகுதியும் உண்டு.

அந்த வலைக்குள்ளும் நுழைந்துவிடும் ஒன்று இருக்கிறது. இருகாஞ்சி. உடல் சுண்டுவிரல் நகத்தின் அளவு. கொட்டியது கொசுக்கடி போலத்தான் தெரியும். அரைமணி நேரம் கழித்து முதுகிலும் வயிற்றிலும் பிசைந்தெடுக்கும் வலி, வாந்தி, வியர்வை, தலைக்கேறும் ரத்த அழுத்தம், அதோடு நாம் செத்துப்போகிறோம் என்ற அசைக்கமுடியாத நம்பிக்கை. ஃப்ளெக்கர் 1952-இல் இந்த நோய்க்குறிக்கு அப்பகுதிப் பழங்குடியினரின் பெயரை வைத்தார். காரணம் எது என்று மட்டும் பிடிபடவில்லை.

பிடித்தவர் ஜாக் பார்ன்ஸ் என்ற மருத்துவர். 1961-இல், பளுவைக் கட்டிக்கொண்டு ஆழமற்ற கடலடியில் மணிக்கணக்காக உட்கார்ந்து, கண்முன் மிதந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மீன் விசித்திரமாகத் துடிப்பதைக் கவனித்து, அதோடு ஒட்டியிருந்த கண்ணாடி மணி ஒன்றைப் பிடித்தார். அடுத்துச் செய்ததை இன்று எந்த ஆராய்ச்சிக் குழுவும் அனுமதிக்காது. தன்மேல் கொட்டவைத்தார், தன் ஒன்பது வயது மகன்மேலும், உடனிருந்த இளம் உயிர்காப்பு வீரர்மேலும் கொட்டவைத்தார். அரைமணி நேரத்தில் மூவரும் மருத்துவமனையில். 1964-இல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது; பின்னர் அந்த உயிரினத்துக்கு அவர் பெயரே அமைந்தது. மருத்துவ வரலாறு இதைத் தியாகம் என்று சொல்லிப் பழகிவிட்டது. அந்தச் சிறுவனிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்ற கேள்வியைத் தள்ளிவிட்டுப் படிப்பது கடினம். எப்படியானாலும், 2002-இல் இருகாஞ்சி கொட்டி இரண்டு சுற்றுலாப் பயணிகள் இறந்தபிறகு அதைச் சின்ன ஆபத்து என்று யாரும் சொல்வதில்லை. இது கரையோரத்தோடு நிற்காமல் பவளத்திட்டு வரை திரிவதால், படகில் போய் முக்குளிப்பவர்களும் பருவத்தில் அந்த முழு உடையைப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஜெல்லிக்குப் பருவம் உண்டு. முதலைக்கு விடுமுறை மாதமே கிடையாது. சுறுசுறுப்பு கூடும் மாதங்கள் மட்டும் உண்டு. வெயில் ஏறி இனப்பெருக்கம் தொடங்கும் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆண்கள் எல்லை தேடி அலையும். உவர்நீர் முதலை ஊர்வனவற்றில் மிகப் பெரியது. ஆண் ஐந்து மீட்டரைத் தாண்டும். தோலுக்காக வேட்டையாடி ஏறக்குறையத் தீர்த்துக்கட்டிய நிலையில் 1974-இல் குயின்ஸ்லாந்து அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. இன்று ஆறு, கழி, கடற்கரை எங்கும் திரும்பி வந்துவிட்டது.

ஆற்று விலங்கு கடலில் எப்படி வாழ்கிறது? நாக்கில் உள்ள சுரப்பிகள் உப்பை வெளியே தள்ளுகின்றன. இதை 1981-இல்தான் கண்டுபிடித்தார்கள். நீண்ட பயணத்துக்கு அது கைக்கொள்ளும் வழி இன்னும் சுவையானது. வட குயின்ஸ்லாந்தின் கென்னடி ஆற்று முதலைகளின் உடலில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நீரோட்டம் தன் திசையில் ஓடும்போது முதலை மிதந்துபோகிறது. ஓட்டம் எதிர்த்தால் கரையேறியோ அடியில் படுத்தோ காத்திருக்கிறது. ஒரு முதலை 25 நாளில் 590 கிலோமீட்டர் போயிற்று. 4.84 மீட்டர் நீளமுள்ள இன்னொன்று டாரஸ் நீரிணையில் ஓட்டம் எதிராக இருப்பதைக் கண்டு நான்கு நாள் ஒதுங்கியிருந்து, திசை மாறியதும் கடந்தது. நேற்று முதலை இல்லாத கடற்கரையில் இன்று இருப்பது இப்படித்தான்.

காத்திருக்கத் தெரிந்த விலங்கு பழக்கங்களையும் கவனிக்கும். தினமும் ஒரே துறையில் ஒரே நேரத்துக்கு வந்து மீன் கழுவும் ஆளை அது மனப்பாடம் செய்துகொள்ளும். ஆகவே பூங்கா அதிகாரிகள் சொல்லும் விதிகளில் பாதி இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. நீர்விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்பது, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாமலிருப்பது, மீன் கழிவை அங்கே போடாமலிருப்பது, கூடாரத்தை நீரிலிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளி மேட்டில் அடிப்பது. இருட்டியபின் நீர்ப்பக்கமே போகக்கூடாது. 2016 மே மாதம் கேப் டிரிபுலேஷனுக்குத் தெற்கே தார்ன்டன் கடற்கரையில், இரவு பத்து மணிக்கு மேல், இரண்டு பெண்கள் இடுப்பளவு நீரில் நின்றிருந்தார்கள். ஒருவரை முதலை கொண்டுபோயிற்று. இரவில் கழி கடந்து வரும் தலைவனை நினைத்துத் தோழி பதறும் பாடல் ஒன்று குறுந்தொகையில் உண்டு. அங்கும் துறையில் வழிமறிப்பது முதலைதான். அந்தத் தோழிக்கு இந்த எச்சரிக்கைப் பலகை தேவைப்பட்டிருக்காது.

நீர் இறங்கும் நேரத்தில் கரையோரப் பவளத்திட்டு வெளியே தெரியும். பார்க்கவேண்டிய காட்சிதான். கெட்டியான அடியுள்ள காலணி இல்லாமல் அதில் நடக்கக்கூடாது. கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனின் முதுகில் 13 நச்சு முட்கள் உண்டு. குத்திவிட்டால் தாங்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரியில், வெந்நீரில் காலை அமிழ்த்தவேண்டும். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாயிருந்தாலும் கையில் எடுக்கக்கூடாது. உள்ளே இருக்கும் நத்தை ஈட்டிபோல் நச்சுப்பல்லை வீசும்.

கண்டல் காட்டுக்குள் போக மரப்பலகை நடைமேடை போட்டிருக்கிறார்கள். பிச்சாவரத்தில் படகில் போனவருக்கு இங்கே பாதி மரங்கள் பழக்கமானவை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இங்கேயும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் அளவுக்கு எரிக்கும் என்பது அங்கேயும் இங்கேயும் தெரிந்த சேதி. பலகையை விட்டு இறங்காமல், எதையும் ஒடிக்காமல் போனால் போதும்.

மழைக்காட்டுக்குள் கவனிக்கவேண்டியது ஒரு செடி. ஆளுயரம், இதய வடிவில் அகலமான இலை, மேலே பட்டுப்போல் மெல்லிய ரோமம். தடவிப் பார்க்கத் தோன்றும். கிம்பி கிம்பி என்பார்கள். நம்மூர்க் காஞ்சொறி பட்டால் அரிப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கும். இது மாதக்கணக்கில் விட்டு விட்டு வலிக்கும். ரோமம் ஒவ்வொன்றும் சிலிக்காவாலான குழல். நுனி ஒடிந்ததும் ஊசிபோல் நஞ்சைச் செலுத்தித் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் அந்த நஞ்சைப் பிரித்துப் பார்த்தபோது, அது சிலந்தி நஞ்சையும் கூம்புச்சங்கு நஞ்சையும் ஒத்த முடிச்சிட்ட சிறு புரதமாக இருந்தது. நரம்பின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தேய்த்தால் ரோமம் இன்னும் ஒடியும். மெழுகுப்பட்டையை ஒட்டி உரித்தெடுப்பதே முறை. வெளிச்சம் விழும் இடங்களைத் தேடி முளைக்கும் செடி என்பதால் அடர்காட்டைவிடப் பாதையோரத்தில்தான் அதிகம். பாதையை விட்டு ஒதுங்கி நிற்பவர் கையைப் பார்த்து வைக்கவேண்டும்.

பாதையில் எதிரே கேசோவரி வரலாம். ஆள் உயரம், நீலக் கழுத்து, தலையில் கொம்புக் கிரீடம், உள்விரலில் 12 சென்டிமீட்டர் வரை வளரும் நகம். உலகிலேயே ஆபத்தான பறவை என்ற பட்டம் அதற்கு. ஆஸ்திரேலியாவில் அது கொன்றதாகப் பதிவானவர் ஒரே ஒருவர். 1926-இல் மாஸ்மேன் அருகே, அதை அடித்துக் கொல்லப்போன 16 வயதுப் பையன். மற்றபடி இந்தக் காட்டின் தோட்டக்காரனே அதுதான். பெரிய பழங்களை முழுசாக விழுங்கி விதைகளைக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோய்ப் போடுகிறது. முட்டைக்கு அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். குஞ்சோடு வரும் ஆணிடம் மட்டும் கூடுதல் தூரம் வேண்டும். எதிர்ப்பட்டால் ஓடக்கூடாது. முதுகைக் காட்டாமல் பின்வாங்கி, பையை முன்னால் பிடித்துக்கொண்டு, ஒரு மரத்துக்குப் பின்னால் போவதே வழி.

குயின்ஸ்லாந்தில் கேசோவரி மனிதரைத் தாக்கிய 150 நிகழ்வுகளைத் தொகுத்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. பெரும்பாலானவற்றில் பறவை துரத்தியதோடு சரி. நான்கில் மூன்று நிகழ்வுகளில், தாக்கிய பறவை அதற்குமுன் மனிதர் கையால் தின்று பழகியது. வண்டியின் ஜன்னல் வழியாக வாழைப்பழம் நீட்டியவர் படம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார். வெறுங்கையோடு நடந்துவரும் அடுத்த ஆளிடம் பறவை தன் பங்கைக் கேட்கிறது.